பெட்டி ஆறும் நேரம்

டிசம்பர் 3, செவ்வாய்

மாலை 5.10-க்குக் கம்ப்யூட்டர் தானாக அணைந்தது. கரண்ட் இருந்தது. மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. யுபிஎஸ்ஸில் பச்சை விளக்கு எரிந்தது. கம்ப்யூட்டர் மட்டும் ‘டக்’கென்று ஒரு சத்தத்தோடு நின்றுவிட்டது. அம்மா “அய்யோ” என்று தலையில் கைவைத்தாள். எட்டயபுரத்தில் பதினேழு பேர் போய்விட்டார்கள்.

அந்தப் பதினேழு பேரும் எட்டயபுரத்தில் சௌக்கியமாகத்தான் இருப்பார்கள். அம்மா அடித்த வரிகள்தான் போயின.

பத்து நாளில் இது ஐந்தாவது தடவை. எந்தப் பழுதையும் கண்டுபிடிக்க முதலில் அதைக் குறித்து வைக்க வேண்டும் என்று அறிவியல் டீச்சர் சொல்லுவார். அதனால் இன்று முதல் இந்த நோட்டில் எழுதப் போகிறேன். தேதி, நேரம், யார் உட்கார்ந்திருந்தார்கள், வீட்டில் வேறு என்ன ஓடியது என்று நான்கு கட்டங்கள். ஒன்பதாம் வகுப்பில் பொதுத்தேர்வு இல்லை. எனக்கு நேரம் இருக்கிறது.

நாட்குறிப்பை வேறு யார் படித்தாலும் புரிய வேண்டும் என்று நூலகப் புத்தகம் ஒன்றில் போட்டிருந்தது. ஆகவே ஒரு விளக்கம். எங்கள் குலதெய்வக் கோயிலுக்குத் தை இருபதாம் தேதி கும்பாபிஷேகம். அன்றைக்கு ஒரு கையேடு வெளியிடுகிறார்கள். எந்தெந்த ஊரில் எந்தெந்தத் தலைக்கட்டு, மனைவி பெயர், பிள்ளைகள் பெயர், விலாசம், போன் நம்பர். கல்யாணமான ஒவ்வோர் ஆணும் ஒரு தலைக்கட்டு. மொத்தம் 1,140. ஆடி மாதக் கூட்டத்தில் அப்பா எழுந்து நின்று, “எங்க வீட்டுலயே கம்ப்யூட்டர் இருக்கு, செம்பகம் அடிச்சிருவா” என்று சொல்லிவிட்டு வந்தார். செம்பகம் என்பது செண்பகவல்லி. என் அம்மா. அவளுக்கு அன்று சாயங்காலம்தான் தெரியும். அதுவரை அவள் ஒரு கிளினிக்கில் டோக்கன் கொடுக்கும் வேலையும் வீட்டு வேலையும் மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொங்கலுக்கு முன்னால் அச்சுக்குப் போக வேண்டும். இன்று வரை 376 முடிந்திருக்கிறது.

டிசம்பர் 5, வியாழன்

காலை 6.20. அம்மா. மிக்ஸி ஓடவில்லை. மூன்று தலைக்கட்டு போயிற்று. இட்லியும் கருகிற்று. அதற்குக் கட்டம் இல்லை.

டிசம்பர் 7, சனி

ஸ்டெல்லா அக்கா வந்தார். பஜாரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறார். அந்த வரிசையில் பெண் நடத்தும் கடை அது ஒன்றுதான். பெட்டியின் பக்கத்து மூடியில் ஆயுத பூஜைக்கு அப்பா வைத்த சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது.

“சாமி கும்பிட்டீக சரி. ஒருநாளாவது தூசி தட்டுனீகளா அண்ணாச்சி?”

“அதெல்லாம் அவதான் பாக்கணும்” என்று அப்பா அம்மாவைக் காட்டினார்.

அக்கா மூடியைக் கழற்றி, பின்பக்கம் ஒரு மூலையில் இருந்த இரும்பு டப்பாவில் டார்ச் அடித்துக் காட்டினார். அதன் பெயர் எஸ்எம்பிஎஸ். சுவரிலிருந்து வரும் கரண்ட் முதலில் அங்கேதான் போகும்.

“எல்லாத்துக்கும் பங்கு வெச்சுக் குடுக்கது இதுதான். இது களைச்சிட்டா மொத்தமும் நின்னுரும். சல்லடை வழியா பாரு, குட்டி டப்பா மாதிரி வரிசையா இருக்குல்ல, ரெண்டு தல உப்பியிருக்கு பாத்தியா?”

பார்த்தேன். உப்பியிருந்தது. திறந்து பார்க்கலாமா என்று கேட்டேன். வயரைப் பிடுங்கின பிறகும் உள்ளே கரண்ட் தங்கியிருக்கும், தொடவே கூடாது என்றார். குறித்துக்கொண்டேன்.

புதியது மதுரையிலிருந்து வர ஒரு வாரம் ஆகுமாம்.

“அதுவரைக்கும் எப்ப நின்னாலும் அரை மணி நேரம் யாரும் தொடாதீக. ஆறட்டும்.”

“அரை மணியா? பத்து நிமிசம் போதாதா?”

“அவசரப்பட்டு அமுக்குனீகன்னா இது மட்டும் போகாது அண்ணாச்சி, போர்டையும் கூட்டிட்டுப் போயிரும். பொறவு கையேடும் இல்ல, கம்ப்யூட்டரும் இல்ல.”

அப்பா பயந்துவிட்டார். ‘நின்றால் 30 நிமிடம் தொடக் கூடாது’ என்று ஸ்கெட்சில் எழுதிப் பெட்டிமேல் ஒட்டினார்.

போகும்போது அக்கா எனக்கு ஒன்று சொல்லிக்கொடுத்தார். கம்ப்யூட்டரும் டைரி எழுதுகிறதாம். எப்போது தொடங்கியது, எப்போது ஒழுங்காக மூடாமல் நின்றது எல்லாம் அதற்குள் தேதியோடு இருக்கிறது. ஒழுங்கில்லாமல் நின்ற இடத்தில் ஒரு சிவப்புக் குறி. என் கட்டங்களோடு ஒப்பிட்டேன். ஒரு நிமிடம்கூட வித்தியாசமில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது.

டிசம்பர் 10, செவ்வாய்

அரையாண்டுத் தேர்வு ஆரம்பம். மதியமே வீட்டுக்கு வந்துவிட்டேன். அம்மா இரண்டரைக்கு வந்து, நின்றபடியே சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தாள். 3.15-க்குக் கம்ப்யூட்டர் நின்றது. “அய்யோ” என்றாள். கயத்தாறில் ஐந்து தலைக்கட்டு.

நாற்காலியிலிருந்து இறங்கி அப்படியே தரையில் படுத்தாள். தலையணை எடுக்கவில்லை. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஆங்கிலம் படித்தேன். கோயில் கமிட்டிப் பெரியப்பா போன் செய்தார். “பெட்டி ஆறிக்கிட்டு இருக்கு பெரியப்பா, அரை மணி கழிச்சுத்தான் தொடணும்” என்றேன். “ஓ, சரித்தா சரித்தா, தொட்டுராதீக” என்று உடனே வைத்துவிட்டார்.

சரியாக முப்பதாவது நிமிடம் அம்மாவை எழுப்பினேன்.

டிசம்பர் 12, வியாழன்

எட்டு நாள் கழித்துக் குடிதண்ணீர் வந்தது. காலை 4.30. குடங்கள், அண்டா, இரண்டு பிளாஸ்டிக் டிரம். அம்மாவும் நானும்தான். அப்பா தீப்பெட்டிக் கம்பெனியில் சூப்பர்வைசர். பண்டலை வண்டியில் ஏற்றுகிற நாள் என்று முன்னாலேயே கிளம்பிவிட்டார்.

பிற்பகல் 3.50. அம்மா. கிரைண்டர் ஓடியது. முப்பதாவது நிமிடம் எழுப்பினேன். “அதுக்குள்ளயா?” என்றாள். கடிகாரத்தைக் காட்டினேன்.

டிசம்பர் 14, சனி

புது எஸ்எம்பிஎஸ் வந்துவிட்டது! ஸ்டெல்லா அக்கா நாலு திருகாணியைக் கழற்றிப் பழையதை எடுத்தார். கையில் வாங்கிப் பார்த்தேன், சரியான கனம். உள்ளே விசிறி இருக்கும் இடத்தில் தூசி கம்பளி மாதிரி படிந்திருந்தது. புதியதை மாட்டி, மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, “இனி உங்கம்மா நிம்மதியா அடிக்கலாம்” என்றார்.

அம்மா சிரித்தாள் என்று நினைக்கிறேன். அடுப்பில் பால் இருந்ததால் சரியாகப் பார்க்கவில்லை.

டிசம்பர் 17, செவ்வாய்

மூன்று நாளாக ஒரு தடவைகூட நிற்கவில்லை. 71 தலைக்கட்டு முடிந்திருக்கிறது. சாதனை!

அம்மா சோற்றைப் பிசைந்துகொண்டே தூங்கினாள். கை தட்டில், கண் மூடி. நான் எழுப்பினேன்.

சாயங்காலம் அவள் அப்பாவிடம், “ஒரு அரை மணி முதுகச் சாய்க்கட்டா?” என்று கேட்டாள்.

“சாயேன், யாரு வேண்டாங்கா? அந்தக் கழுகுமலைக் கட்டை மட்டும் முடிச்சிட்டுப் படு.”

கழுகுமலைக் கட்டில் 44 படிவங்கள். ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கிறார்கள். பாதிக் கையெழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கிறது. அம்மா படுத்தாள்தான். நான்கு நிமிடம். அப்பா கண்ணாடி எங்கே என்று கேட்டார், பிறகு பெரியப்பா போனில் வந்தார், பிறகு எனக்குத் தேர்வு அட்டையைக் காணவில்லை.

டிசம்பர் 19, வியாழன்

பிற்பகல் 3.40. மறுபடியும்! புது எஸ்எம்பிஎஸ் போட்டும்! நான் முற்றத்தில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். உள்ளே அம்மா “போச்சு” என்றாள். ஓடி வந்தேன். திரை கறுப்பு.

எனக்கு அழுகையே வந்தது. அம்மா அமைதியாக, “அரை மணி ஆகட்டும்ட்டி” என்று சொல்லிவிட்டுப் படுத்தாள்.

டிசம்பர் 21, சனி

3.30. அம்மா. யுபிஎஸ்ஸைச் சந்தேகித்து, நேரடியாகச் சுவரில் சொருகினோம்.

டிசம்பர் 23, திங்கள்

3.45. அம்மா. யுபிஎஸ் குற்றமற்றது.

தேர்வு முடிந்தது. கணக்கு சுமார். நாளையிலிருந்து விடுமுறை. முழு மூச்சாக இந்தப் பழுதைக் கண்டுபிடித்துவிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன்.

டிசம்பர் 26, வியாழன்

செய்த சோதனைகள்:

கிரைண்டரை நிறுத்திவிட்டு அடித்தோம். 3.35-க்கு நின்றது. ஆகவே கிரைண்டர் இல்லை. பெட்டியின் மூடியைத் திறந்து பக்கத்தில் டேபிள் பேனை வைத்தோம். 3.50-க்கு நின்றது. ஆகவே சூடும் இல்லை. மாடிவீட்டு மோட்டார் போடும் நேரத்தை அந்த வீட்டு அத்தையிடம் கேட்டு எழுதினேன். அவர்கள் காலையில்தான் போடுகிறார்கள்.

நானே இரண்டு மணி நேரம் உட்கார்ந்து அடித்தேன். நிற்கவில்லை. அப்பா கணக்குப் பார்த்தார். நிற்கவில்லை. நான் அம்மாவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கவனித்தேன். அப்போதும் நிற்கவில்லை. தண்ணீர் குடிக்க எழுந்து போனேன். “போச்சு” என்றாள்.

ஒரே ஒரு நல்ல விஷயம். புது எஸ்எம்பிஎஸ் வந்த பிறகு எத்தனை தடவை நின்றாலும் ஒரு வரிகூடப் போகவில்லை. எல்லாம் பத்திரமாகச் சேமிக்கப்பட்டிருக்கிறது. பழையது தின்றது, இது தின்பதில்லை. நல்ல குணம் உள்ள எஸ்எம்பிஎஸ் என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். 

டிசம்பர் 29, ஞாயிறு

வெயிலுமுத்துப் பெரியப்பா வந்தார். அப்பாவின் பங்காளி வகையில் மூத்தவர், கோயில் கமிட்டித் தலைவர். காப்பியைக் குடிக்காமலே பேசினார்.

“பதினஞ்சு நாள் கிடக்கு பொங்கலுக்கு. இன்னும் முந்நூத்துச் சொச்சம் பாக்கி. நான் சிவகாசி அச்சாபீஸ்காரனுக்கு என்ன பதில் சொல்ல?”

“மெஷினு நிக்குது அண்ணாச்சி. புதுசு போட்டும் நிக்குது. இவ ஒவ்வொண்ணையும் எழுதி வெச்சிருக்கா” என்று அப்பா என் நோட்டை எடுத்துக் கொடுத்தார். பெரியப்பா கண்ணாடி போட்டுப் பார்த்தார்.

“கெட்டிக்காரிதான். கலெக்டர் ஆபீஸ் ரிஜிஸ்டர் மாதிரில்லா இருக்கு. ஏப்பா, இதுல என்ன தெரியுது? அந்தப் பொம்பள டூப்ளிகேட் மால மாட்டிட்டா. வேற என்ன?”

“ஸ்டெல்லா அப்படிப்பட்டவ இல்ல அத்தான்” என்று அம்மா கதவோரம் நின்று சொன்னாள்.

“ஒனக்கு என்னத்தா தெரியும்? அடுத்த ஞாயித்துக்கிழம அவள வரச்சொல்லு. நானும் வாரேன். தப்ப ஒத்துக்கிட்டு மாலத் திருப்பி எடுக்கணும். அதுக்குள்ள பஜார்ல நாலு பேருக்குச் சொல்லி வெக்கேன், வேற எவனும் ஏமாறாம இருக்கட்டும்.”

அவர் போன பிறகு அம்மா நெடுநேரம் காப்பி தம்ளரைக் கழுவினாள். ஒரே தம்ளர்.

டிசம்பர் 30, திங்கள்

இன்று ஒன்று கண்டுபிடித்தேன்.

கம்ப்யூட்டரின் டைரியில் ஒவ்வொரு சிவப்புக் குறிக்குள்ளும் விவரப் பக்கம் ஒன்று இருக்கிறது. இதுவரை நான் அதைத் திறந்ததில்லை. அதில் பவர் பட்டனுக்கென்று ஒரு வரி. பழைய எஸ்எம்பிஎஸ் இருந்தபோது நின்ற எல்லா நாளிலும் அந்த வரியில் பூஜ்யம். டிசம்பர் 19 முதல் பூஜ்யம் இல்லை. நீளமான ஒரு எண்.

அப்பாவின் போனில் தேடினேன். ஆங்கிலத்தில் இருந்தது. மூன்று தடவை படித்தேன். கரண்ட் அறுந்து தானாக நின்றால் பூஜ்யம். யாராவது பட்டனை விடாமல் அமுக்கிப் பிடித்து நிறுத்தியிருந்தால் அந்த நேரம் எண்ணாகப் பதியும்.

மறுபடி எல்லாவற்றையும் திறந்து பார்த்தேன். நேற்று முன்தினம் நின்றதையும் சேர்த்து ஏழு தடவை. ஏழிலும் எண்.

மதியம் ரசமும் கோவைக்காய்ப் பொரியலும். தேங்காய் கொஞ்சம் அதிகம்.

டிசம்பர் 31, செவ்வாய்

3.35. “போச்சு.”

நான் வராந்தாவிலேயே இருந்தேன். உள்ளே போகவில்லை. பிறகு எட்டிப் பார்த்தபோது அம்மா முழங்கையைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தாள். உள்ளங்காலில் வெடிப்பு. கிளினிக்கில் ஆறு மணி நேரம் நின்றபடி இருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரிந்ததுதான்.

4.45-க்கு அவளாகவே பதறி எழுந்தாள்.

“ஏட்டி, ஏன் எழுப்பல?”

“மறந்துட்டேன்மா.”

நான் எதையும் மறக்கிறவள் இல்லை என்று அம்மாவுக்குத் தெரியும். என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கொண்டையை முடிந்துகொண்டு கம்ப்யூட்டரைப் போட்டாள்.

ஜனவரி 2, வியாழன்

பள்ளி திறந்தது. திரும்பி வரும்போது ஸ்டெல்லா அக்கா கடை வழியாக வந்தேன். வழக்கமாக வாசலில் ரிப்பேருக்கு வந்த பெட்டிகள் அடுக்கியிருக்கும். இன்று இரண்டுதான். அதில் ஒன்றை ஒருவர் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தார். ரிப்பேர் ஆகாமலே.

“என்ன விசாலி, அம்மா பெட்டி இன்னும் நிக்கா?”

“ஆமாக்கா.”

“ஒங்க பெரியப்பா டீக்கடையில வெச்சுச் சொன்னாராம், ஸ்டெல்லா போடுதது பூரா டூப்ளிகேட்டுன்னு. பன்னெண்டு வருசமா கட வெச்சிருக்கேன், ஒருத்தரும் இப்படிச் சொன்னதில்ல.” சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஸ்குருடிரைவரைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தார். “ஞாயித்துக்கிழம சர்ச்சுல பூசை முடிஞ்சு வாரேன். என்னன்னு பாத்துருவோம்.”

என் பையில் நோட்டு இருந்தது. எடுத்துக் காட்டியிருக்கலாம். காட்டினால் அம்மா மாட்டிக்கொள்வாள். காட்டாவிட்டால் அக்காவின் கடை. வீடு வரை நடந்து வந்தும் மூன்றாவது வழி எதுவும் தோன்றவில்லை.

ஜனவரி 3, வெள்ளி

நிற்கவில்லை.

ஜனவரி 4, சனி

இன்றும் நிற்கவில்லை. அம்மா இடைவிடாமல் அடித்தாள். மொத்தம் 868. இடையில் எழுந்து போய் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டாள். ஆறு தடவை. எண்ணியது பழக்கத்தால்தான்.

ஜனவரி 5, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பத்தரைக்குப் பெரியப்பா வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அப்பா அவர் பக்கத்தில் நின்றார். பதினொன்றுக்கு ஸ்டெல்லா அக்கா வந்தார். பூசைக்குக் கட்டிய பட்டுச்சேலையிலேயே, கையில் கருவிப் பையோடு.

“புதுசுன்னு சொல்லித்தான குடுத்த? ரெண்டு வாரத்துல எட்டுவாட்டி நின்னுருக்கு. ஏத்தா விசாலி, நோட்ட வாசி” என்றார் பெரியப்பா.

நான் வாசித்தேன். தேதியையும் நேரத்தையும் மட்டும். யார் உட்கார்ந்திருந்தார்கள் என்ற கட்டத்தை வாசிக்கவில்லை. குரல் நடுங்கியது. பெரியப்பா அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

அக்கா மீட்டரை வைத்துப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. வயர்களை ஒவ்வொன்றாக அசைத்தார். பிறகு கம்ப்யூட்டரின் டைரியைத் திறந்தார். நான் அவர் தோளுக்குப் பின்னால் நின்றேன். சிவப்புக் குறி. விவரப் பக்கம். அந்த எண். அடுத்த தேதி. அந்த எண்.

அக்காவின் கை நின்றது. அவர் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு திரும்பி அம்மாவைப் பார்த்தார். அம்மா அடுப்படி வாசலில் நின்று, ஏற்கெனவே காய்ந்த கையை முந்தானையில் துடைத்துக்கொண்டிருந்தாள். கண்ணுக்குக் கீழே இரண்டு பக்கமும் கறுத்திருந்தது. நான் தினமும் பார்க்கிற முகம்தான்.

அக்கா அந்தப் பக்கத்தை மூடினார்.

“சரி அண்ணாச்சி. ஏதோ மாலு சரியில்லபோல. நான் வேற மாத்தித் தாரேன்.”

“பாத்தியாப்பா? ஒத்துக்கிட்டா!” பெரியப்பா தொடையில் தட்டினார். “பொம்பளையாளு கடைன்னு அன்னைக்கே நெனச்சேன்.”

அக்கா குனிந்து திருகாணியைக் கழற்ற ஆரம்பித்தார். இரண்டாவது திருகாணி கழன்றபோது அம்மா உள்ளே வந்தாள்.

“ஸ்டெல்லா, திருப்பிப் பூட்டு. அதுல ஒண்ணும் இல்ல.”

“இருக்கட்டும்க்கா, நான் பாத்துக்கிடுதேன்.”

“பூட்டுங்கேன். நாந்தான் அணைச்சேன்.”

அப்பா சிரித்தார். “என்ன ஏளா, கைபட்டுருச்சா?”

“கைபடல. அமுக்கிப் புடிச்சேன். நாலு எண்ணுத வரைக்கும்.”

“எப்ப?”

“புதுசு போட்ட பொறவு நின்னதெல்லாம் நாந்தான்.”

“என்னத்துக்கு?”

“படுக்க.”

 பெரியப்பாதான் முதலில் தொண்டையைச் செருமினார்.

“படுக்கணும்னா சொல்லிட்டுப் படுக்க வேண்டியதுதான? யாரு வேண்டாம்னா?”

“யாரும் வேண்டாங்கல அத்தான். நான் படுத்தா எழுப்புதாக. பெட்டி படுத்தா அரை மணி நேரம் யாரும் தொடல. நீங்க போன் பண்ணுனாக்கூட உடனே வெச்சிருதீக.”

அம்மா கத்தவில்லை. கிளினிக்கில் அடுத்த டோக்கன் யார் என்று கேட்கிற அதே குரலில்தான் சொன்னாள். எழுப்புகிறவர்கள் என்று அவள் யார் பெயரையும் சொல்லவில்லை. நான் நோட்டை மூடி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன்.

“இவ மாலு நல்ல மாலு. நீங்க டீக்கடையில சொன்னத நீங்களே போயி மாத்திச் சொல்லணும்.”

“நான் என்னன்னு சொல்ல? எங்க வீட்டுப் பொம்பள படுக்கதுக்காக மெஷின அணைச்சான்னா?”

“அப்படியே சொல்லுங்க.”

பெரியப்பா செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அப்பா அவர் பின்னால் தெருமுனை வரை போனார். ஸ்டெல்லா அக்கா கழற்றிய இரண்டு திருகாணிகளையும் திரும்பப் போட்டு முறுக்கினார். தேவையானதைவிட அதிக நேரம் முறுக்கினார். “காப்பி குடிக்கியா?” என்று அம்மா கேட்டாள். “குடுங்கக்கா” என்றார். இரண்டு பேரும் அடுப்படித் தரையில் உட்கார்ந்து குடித்தார்கள். என்னைக் கூப்பிடவில்லை.

எனக்கு ஆறு நாளாகத் தெரியும் என்பதை யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஜனவரி 6, திங்கள்

அப்பா பேசவில்லை. சட்டையைத் தானே தேய்த்துக்கொண்டார். காலர் சரியாக வரவில்லை.

ஜனவரி 8, புதன்

அம்மா கிளினிக்கிலிருந்து வந்து பத்துத் தலைக்கட்டு அடித்தாள். கம்ப்யூட்டரை ஒழுங்காக மூடினாள். கதவைச் சாத்திக்கொண்டு படுத்தாள்.

அப்பா முற்றத்தில் நின்று போனில் பேசியது கேட்டது. “இல்ல அண்ணாச்சி… அவளால முடியல… இல்ல, நான் சொல்லல, அவ முடியலங்கா… வேற ஆள வெச்சா சிவகாசிக்காரன் அதுக்கும் துட்டு கேப்பான்… சரி. சரி. அப்ப நானே அடிச்சுத் தாரேன்… எனக்குத் தெரியாதுதான்… அப்படின்னா கையேடு பொங்கலுக்குப் பொறவு வரட்டும்.”

ஜனவரி 10, வெள்ளி

ஸ்டெல்லா அக்கா கடையில் ஐந்து பெட்டிகள் இருந்தன. பெரியப்பா வந்து சொன்னாரா என்று கேட்டேன்.

“அவரு எங்க வந்தாரு? ஒங்கப்பாதான் டீக்கடைக்கு வந்தாரு, முந்தாநாள் சாயந்தரம். டீய வாங்கிக் கையில வெச்சுக்கிட்டுக் குடிக்கவே இல்ல. நாலஞ்சு பேரு சேர்ந்ததும், ‘ஸ்டெல்லா மாலு நல்ல மாலு, எம் பொஞ்சாதிதான் படுக்கதுக்காக அணைச்சா’ன்னு சொன்னாரு. ஒருத்தன் சிரிச்சான். ‘என்னடே சிரிப்பு?’ன்னு கேட்டுட்டுப் போயிட்டாரு.”

அப்பா இதை வீட்டில் சொல்லவில்லை. நான் அம்மாவிடம் சொன்னேன். “டீக்குத் துட்டு குடுத்தாராமா?” என்று மட்டும் கேட்டாள்.

ஜனவரி 11, சனி

அப்பாவுக்கு அரை நாள். சாப்பிட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். நாலாட்டின்புதூர்க் கட்டைப் பிரித்தார். ஒரே விரல். வலது கை ஆள்காட்டி விரல்.

“செம்பகம், ‘ற’ எங்க இருக்கு?”

உள்ளறையிலிருந்து அம்மா கண்ணைத் திறக்காமலே சொன்னாள் என்று நினைக்கிறேன். குரல் அப்படி இருந்தது. “மேல் வரிசை.”

“ஏளா, ‘ங’?”

“வலது பக்கம். ஓரத்துல.”

மணி மூன்றரை ஆனபோது ஆறு தலைக்கட்டு முடிந்திருந்தது. அப்பாவுக்கு வேர்த்தது. தோளை இப்படியும் அப்படியும் திருகினார். “இத எப்படித்தான் இவ்வளவு நேரம்…” என்று ஆரம்பித்து, நான் இருப்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

“செம்பகம், ‘ஞ’ எங்க இருக்கு?”

பதில் இல்லை.

“ஏளா…”

எழுந்து உள்ளறை வாசல்வரை போனார். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். முதுகு மெதுவாக ஏறி இறங்கியது. அப்பா வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். பிறகு திரும்பி வந்து உட்கார்ந்து, விரலை எழுத்துகளுக்கு மேலே ஒவ்வொன்றாகக் கொண்டுபோனார்.

“அப்பா, அது…” என்று நான் ஆரம்பித்தேன்.

அவர் உதட்டில் விரலை வைத்தார்.

நான் பக்கத்தில் போய் அந்த எழுத்தைக் காட்டினேன். அவர் அமுக்கினார். திரையில் ஞானதுரை வந்தார். மனைவி பெயர் படிவத்தில் இல்லை, வெறும் கோடு. அப்பா அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, போனை எடுத்து முற்றத்துக்குப் போய், தாழ்ந்த குரலில் நாலாட்டின்புதூருக்குப் பேசினார்.

மனைவி பெயர் ஜெபமாலை என்று அடித்தோம். இன்னும் 235 பாக்கி.